பார் கவுன்சில் தேர்தல்: ஓட்டுப் போடாதவரின் ஓட்டு எங்கே போகிறது?

வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலுக்கு வக்கீல்களே ஓட்டுப் போடும் தேர்தல் இது. அதன் அறிவிப்பு வந்ததும் நீதிமன்ற வளாக டீக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும்: "நம்ம ஒரு ஓட்டுல என்ன மாறப்போகுது? நிக்கிறவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. ஜெயிக்கிறவங்க ஜெயிக்கட்டும்." சொல்பவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். இதைச் சட்டமன்றத் தேர்தல் மாதிரி நினைத்துக்கொண்டு பேசுகிறார். முன்னணியில் இருக்கும் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் முடிவு ஒன்றுதானே என்பது அவர் கணக்கு.

இந்தத் தேர்தலில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே ஓட்டு எண்ணும் முறையே வேறு. அந்த முறையைத் தெரிந்துகொண்டால், போகாமல் வீட்டில் இருப்பதால் யாருக்கு லாபம் என்பது எண்களிலேயே தெரிந்துவிடும். அதற்கு முன்னால், எதற்காக இந்தத் தேர்தல் நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

சங்கம் வேறு, கவுன்சில் வேறு

லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சுங்கக் கட்டணம் ஏறினால் போராடும், ஓட்டுநருக்கு அடிபட்டால் வசூல் செய்து கொடுக்கும். ஆர்.டி.ஓ. அலுவலகம் வேறு. லைசென்ஸ் கொடுப்பதும் அதுதான், தப்பு செய்தால் பறிப்பதும் அதுதான். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

வக்கீல்கள் விஷயத்தில் குழப்பம் வருகிறது. ஊர்தோறும் இருக்கும் வழக்கறிஞர் சங்கம் முதல் வகை. விரும்பினால் சேரலாம், சந்தா கட்டலாம், விலகலாம். பார் கவுன்சில் இரண்டாவது வகை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் உருவாக்கிய ஒழுங்குமுறை அமைப்பு அது. அதாவது, ஒரு தொழிலுக்குள் யார் வரலாம், வந்தவர் எப்படி நடக்க வேண்டும், தவறினால் என்ன தண்டனை என்று முடிவு செய்யச் சட்டப்படி அதிகாரம் பெற்றது. அதன் பதிவேட்டில் பெயர் இல்லாமல் வக்கீல் தொழிலே நடத்த முடியாது.

ஒரு வித்தியாசம் உண்டு. ஓட்டுநர்கள் ஆர்.டி.ஓ.வைத் தேர்ந்தெடுப்பதில்லை. வக்கீல்களோ தங்களைக் கண்காணிக்கும் அமைப்பைத் தாங்களே ஓட்டுப் போட்டு அமைத்துக்கொள்கிறார்கள். இது எல்லாத் தொழிலுக்கும் கிடைத்த உரிமை அல்ல, கிடைத்த இடத்திலும் நிலைத்துவிடும் என்று சொல்ல முடியாது. பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலில் மருத்துவர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் இருந்தார்கள். புகார்களும் கெட்ட பெயரும் சேர்ந்த பிறகு அந்தக் கவுன்சிலே கலைக்கப்பட்டது. 2020-இல் அதன் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையத்தில் மருத்துவர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு யாரையும் அனுப்ப முடியாது.

சங்கத்தையும் கவுன்சிலையும் ஒன்றாக நினைப்பதால் இன்னொரு கெடுதல் வருகிறது. கவுன்சிலுக்கு நிற்பவர் "பார்க்கிங் வாங்கித் தருவேன், சேம்பர் கட்டித் தருவேன்" என்று துண்டறிக்கை அடிக்கிறார், நாமும் அதை வைத்து முடிவு செய்கிறோம். நீதிமன்ற வளாகத்தில் இடம் ஒதுக்குவது கவுன்சிலின் கையில் இல்லை. நீதிமன்றப் புறக்கணிப்பில் முன்னால் நின்றதை ஒரு தகுதியாகச் சொல்பவர்களும் உண்டு. வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது.

இதுவரை பார்த்தது: சங்கம் நமக்காகப் பேசுவது, கவுன்சில் நம்மை ஒழுங்குபடுத்துவது. அந்தக் கவுன்சிலை நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

25 பேர் கையில் என்ன இருக்கிறது

வாக்காளர் எண்ணிக்கை 5,000 வரை உள்ள மாநிலத்துக்கு 15 உறுப்பினர், 10,000 வரை 20, அதற்கு மேல் போனால் 25 என்று சட்டம் சொல்கிறது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து 25. மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல் பதவி வழியாக உறுப்பினர். தேர்வானவர்களில் இயன்றவரை பாதிப் பேர் குறைந்தது பத்தாண்டுகளாவது பதிவேட்டில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். தலைவரையும் துணைத் தலைவரையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை, இவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள்.

2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநில பார் கவுன்சில்களில் 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அது அமலாகும் விதத்தைப் பொறுத்து ஓட்டின் மூலம் நிரப்பும் இடங்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டு மாறலாம். கீழே வரும் கணக்கின் அடிப்படை மாறாது.

இவர்கள் செய்யும் வேலையில் எல்லோருக்கும் தெரிந்தது என்ரோல்மெண்ட். புதிய வக்கீலைப் பதிவேட்டில் சேர்ப்பது. இதற்குச் சட்டம் விதித்த கட்டணம் மாநிலக் கவுன்சிலுக்கு 600 ரூபாய், தேசிய அளவிலான இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய். மொத்தம் 750. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. ஆனால் பல மாநிலங்களில் அந்த நிதி, இந்த நிதி என்று சேர்த்து ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கூடுதல் கட்டணங்கள் வானத்திலிருந்து விழவில்லை. உறுப்பினர்கள் கவுன்சில் கூட்டங்களில் போட்ட தீர்மானங்கள்தான் அவை.

இரண்டாவது வேலை ஒழுங்கு நடவடிக்கை. பெரும்பாலான வக்கீல்கள் இதைத் தங்கள் பெயருக்கு நோட்டீஸ் வரும் வரை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கட்சிக்காரரின், அதாவது வழக்கை ஒப்படைத்தவரின், பணத்தைக் கொடுக்கவில்லை, இரண்டு பக்கமும் ஆஜரானார், வழக்கு தள்ளுபடியானதை மறைத்தார் என்று புகார் வருகிறது. கவுன்சில் பார்த்து, விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று நினைத்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். அந்தக் குழுவில் மூன்று பேர். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், மூன்றாமவர் வெளியிலிருந்து கவுன்சில் சேர்த்துக்கொள்ளும் ஒரு வக்கீல். புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். அதாவது நாம் 'யாராவது ஜெயிக்கட்டும்' என்று விட்ட 25 பேரில் இருவர் எதிரே உட்கார்ந்து நம் பிழைப்பைப் பற்றி முடிவெடுப்பார்கள்.

குழு சுறுசுறுப்பாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஓராண்டுக்குள் முடிக்காத புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். பொய்ப் புகாரில் மாட்டிய வக்கீலுக்கும் அலைச்சல், நிஜமாக ஏமாந்த கட்சிக்காரருக்கும் அலைச்சல். அந்த ஓராண்டில் குழு எத்தனை முறை உட்கார்ந்தது என்பதுதான் எல்லாம். பதவியில் இருந்துகொண்டே மறுபடி நிற்கும் உறுப்பினரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். அவர் இருந்த குழுவில் எத்தனை புகார் முடிந்தது, எத்தனை ஓராண்டு தாண்டிப் போனது?

சேமநலத் திட்டங்களை நடத்துவதும் வக்கீல்களின் உரிமைகளைப் பாதுகாப்பதும் சட்டத்தில் உள்ள மற்றக் கடமைகள். இவை எல்லாத் துண்டறிக்கையிலும் இருக்கும் என்பதால் இங்கே நீட்ட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மாநிலக் கவுன்சில் தன் உறுப்பினர்களில் ஒருவரை இந்திய பார் கவுன்சிலுக்கு அனுப்புகிறது. பெரிய மாநிலமானாலும் சின்ன மாநிலமானாலும் ஒருவர்தான். சட்டக் கல்வியின் தரம், வக்கீல் தொழிலுக்கான அகில இந்திய பார் தேர்வு, தொழில் நடத்தை விதிகள் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. அந்த இடத்துக்கு நமக்கு நேரடி ஓட்டு கிடையாது. இந்த 25 பேர் வழியாகத்தான் நம் குரல் அங்கே போகும்.

வாழைப்பழக் கணக்கு

இப்போது எண்ணும் முறை. சட்டம் இதை ஒற்றை மாற்று வாக்கு என்கிறது. ஒருவருக்கு ஒரே ஓட்டுதான். ஆனால் அது தேவைப்பட்டால் ஒரு வேட்பாளரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்.

வீட்டில் இதைத் தினமும் செய்கிறோம். கடைக்குப் போகிற பையனிடம், "செவ்வாழை இருந்தா வாங்கு, இல்லேன்னா நேந்திரம், அதுவும் இல்லேன்னா பூவன்" என்று சொல்லி அனுப்புகிறோம். கொடுத்த காசு ஒன்றுதான், வரிசை மூன்று. செவ்வாழை தீர்ந்துபோனால் பையன் வெறுங்கையோடு வருவதில்லை. "செவ்வாழை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வெறுங்கைதான்.

வாக்குச்சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எழுதுவது இந்த வரிசைதான். 1 என்பது முதல் விருப்பம். அவருக்கு இனி ஓட்டுத் தேவையில்லை, அல்லது அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டார் என்றால் ஓட்டு 2-க்குப் போகும்.

ஜெயிக்க எத்தனை ஓட்டு வேண்டும்? இது தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் பழகிய கணக்கு. மாநிலங்களவைக்கு 6 இடம் காலியானால், ஒரு இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும் என்று எழுதுவார்கள். 234-ஐ 6 கூட்டல் 1, அதாவது 7-ஆல் வகுத்தால் 33 சொச்சம். அதற்கு அடுத்த முழு எண் 34. இதுவும் அதே முறைதான். செல்லுபடியான ஓட்டுகளை, இடங்களைவிட ஒன்று கூடுதலான எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்ட வேண்டும். இந்த எண்ணுக்குக் கோட்டா என்று பெயர். இட ஒதுக்கீட்டுக் கோட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜெயிக்கத் தேவையான அளவு, அவ்வளவுதான். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கவுன்சில் தேர்தலும் இந்த முறையில்தான் நடக்கிறது.

ஒரு சின்னத் தேர்தலை முழுசாக எண்ணிப் பார்க்கலாம். இடம் 3, செல்லுபடியான ஓட்டு 100. 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25, ஒன்று கூட்டினால் கோட்டா 26. முதல் விருப்பம் இப்படி விழுந்திருக்கிறது: கயல் 34, முருகன் 23, ஸ்டெல்லா 20, ரஹீம் 14, பாண்டியன் 9.

கயல் 26-ஐத் தாண்டிவிட்டார், ஜெயித்தார். அவருக்குத் தேவைப்படாதது 8 ஓட்டு. அது வீணாகாது. அவருடைய 34 சீட்டிலும் இரண்டாம் விருப்பத்தைப் பார்க்கிறார்கள். 17 சீட்டில் ஸ்டெல்லா, 17 சீட்டில் ரஹீம். சரிபாதி என்பதால் உபரி 8-ம் ஆளுக்கு 4 எனப் பிரிகிறது. இப்போது ஸ்டெல்லா 24, முருகன் 23, ரஹீம் 18, பாண்டியன் 9.

யாரும் 26-ஐத் தொடவில்லை. எனவே கடைசியில் இருக்கும் பாண்டியன் விலக்கப்படுகிறார். அவருடைய 9 சீட்டில் 5 ஸ்டெல்லாவுக்கு, 1 ரஹீமுக்கு. மிச்சம் 3 சீட்டில் பாண்டியனுக்கு 1 போட்டதோடு சரி, வேறு எண்ணே இல்லை. அந்த மூன்றும் எண்ணிக்கையிலிருந்து வெளியே போகின்றன. இவற்றைத் தீர்ந்துபோன சீட்டுகள் என்பார்கள்.

ஸ்டெல்லா 29, ஜெயித்தார். உபரி 3. அது பாண்டியனிடமிருந்து அவருக்கு வந்த 5 சீட்டிலிருந்து போகிறது. அவற்றில் அடுத்த பெயர் ரஹீம் என்று வைத்துக்கொள்வோம். ரஹீம் 19-லிருந்து 22 ஆகிறார். முருகன் அதே 23. ஒரே இடம் பாக்கி, இரண்டு பேர். ரஹீம் விலக, முருகன் ஒரு ஓட்டில் ஜெயிக்கிறார்.

வெளியே போன மூன்று சீட்டையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டில் ரஹீம் பெயருக்கு எதிரே 2 என்று எழுதியிருந்தால் 24-க்கு 23 என்று முடிவே மாறியிருக்கும். அந்த மூவரும் ஓட்டுப் போட்டவர்கள்தான். பையனிடம் "செவ்வாழை" என்று மட்டும் சொல்லி அனுப்பியவர்கள்.

"2, 3 என்று எழுதினால் நம்ம ஆளுக்குப் போகிற ஓட்டு பிரிந்துவிடும்" என்பது இந்தத் தேர்தலில் மிகப் பரவலான தப்புக்கணக்கு. முகவர்களே அப்படிச் சொல்லி 1 மட்டும் போடச் சொல்வார்கள். முதல் விருப்பத்துக்குரியவர் களத்தில் இருந்து, ஓட்டும் தேவைப்படும் வரை 2 என்ற எண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இதுவரை பார்த்தது: ஓட்டு ஒன்று, விருப்பம் பல. கோட்டாவுக்கு மேல் போன உபரியும், விலக்கப்பட்டவரின் ஓட்டும் அடுத்த விருப்பத்துக்கு நகரும். எண் எழுதாத சீட்டு பாதியிலேயே நின்றுவிடும்.

வராதவர்கள் குறைக்கும் விலை

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வரலாம். கோட்டாவைக் கணக்கிடும்போது வகுபடும் எண் எது? பட்டியலில் உள்ள பெயர்கள் அல்ல, பதிவாகிச் செல்லுபடியான ஓட்டுகள் மட்டும். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

25 இடம் என்றால் 26-ஆல் வகுக்க வேண்டும். எளிதாக இருக்க 52,000 ஓட்டு விழுந்ததாக வைத்துக்கொள்வோம். கோட்டா 2,001. பாதிப் பேர் வராமல் 26,000 மட்டும் விழுந்தால் கோட்டா 1,001.

சாதி, ஊர், கட்சி, சட்டக் கல்லூரி செட் என்று ஏதோ ஒரு கயிற்றில் கட்டிய 1,000 பேர் குழு ஒன்று இருக்கிறது. இவர்கள் மழை பெய்தாலும் வருவார்கள், வண்டி வைத்து அழைத்து வருவார்கள். எல்லோரும் வந்த தேர்தலில் இந்தக் குழுவின் கையில் அரை இடம்தான். மீதி ஆயிரத்தை வெளியிலிருந்து, பிறரின் நம்பிக்கையைப் பெற்றுத் தேட வேண்டும். பாதிப் பேர் வராத தேர்தலில் அதே குழுவுக்கு ஒரு முழு இடம் கிடைக்க இன்னும் ஒரே ஒரு ஓட்டுப் போதும். குழு வளரவில்லை. வீட்டில் இருந்தவர்கள் இடத்தின் விலையைப் பாதியாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே ஓட்டுப் போடாமல் இருப்பது நடுநிலை இல்லை. அந்த ஓட்டு, கட்டுக்கோப்பாக வந்து போடும் குழுக்களுக்கு அவரவர் பலத்துக்கு ஏற்பப் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. பரிசுப்பொருளும் விருந்தும் இந்தத் தேர்தலில் எடுபடுவதற்கும் இதுவே காரணம். ஆயிரம் பேரைக் கவனித்துக்கொள்ள முடிகிறவருக்குக் கோட்டா தாழ்வாக இருப்பது வசதி.

இதே கணக்கு சின்ன ஊர்களுக்கு நல்ல செய்தியும்கூட. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, இடமோ 25. சுமார் 4 சதவீத ஓட்டு இருந்தால் ஒரு இடம். சென்னையில் பெயர் பெற்றவர்தான் ஜெயிக்க முடியும் என்பதில்லை. அக்கம்பக்கத்து இரண்டு மூன்று மாவட்ட நீதிமன்றங்களில் தொழில் செய்பவர்கள் முதல் விருப்பத்தில் ஒன்றாக இல்லாவிட்டாலும், 2, 3-இல் ஒருவரை ஒருவர் எழுதிக்கொண்டால் போதும். ஓட்டுகள் நகர்ந்து கடைசியில் ஒருவரிடம் சேரும். இளம் வக்கீல்களுக்கும், பெண் வக்கீல்களுக்கும், கீழமை நீதிமன்றங்களில் மட்டும் தொழில் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். சிறுபான்மைக் குழுக்களுக்கும் அவற்றின் அளவுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் இந்த முறையையே சட்டத்தில் வைத்தார்கள்.

பதவிக்காலம் ஐந்தாண்டு. இந்திய பார் கவுன்சில் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் காலண்டர் அப்படி ஓடுவதில்லை. தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் நடந்த தேர்தலுக்கு அடுத்தது 2023 வாக்கில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பல மாநிலங்களிலும் இதே நிலைதான். கடைசியில் 2025-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அட்டவணை போட வேண்டியிருந்தது. ஒரு முறை தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு வர ஐந்தாண்டுக்கு மேலும் ஆகலாம்.

பட்டியலில் பெயர் இருக்கிறதா

ஓட்டுப் போட நினைத்தும் முடியாமல் போவது பெரும்பாலும் பட்டியலில்தான். என்ரோல் செய்த எல்லோரும் தானாக வாக்காளர் ஆகிவிடுவதில்லை. தொழிலில் இருப்பதை உறுதிப்படுத்த இந்திய பார் கவுன்சில் 2015-இல் சரிபார்ப்பு விதிகளைக் கொண்டுவந்தது. சட்டப் பட்டச் சான்றிதழ் முதலியவற்றைக் கொடுத்துச் சரிபார்ப்பை முடிக்காதவர் தொழிலில் இல்லாதவராகக் கருதப்பட்டு வாக்குரிமையை இழக்கக்கூடும். முழுநேர வேலைக்குப் போய்ப் பதிவை நிறுத்தி வைத்தவரும், தொழில் செய்யத் தடையில் இருப்பவரும் ஓட்டுப் போட முடியாது.

முதலில் வரைவுப் பட்டியல் வெளியாகும், ஆட்சேபணைக்கு அவகாசம் தருவார்கள், பிறகு இறுதிப் பட்டியல். வரைவு வந்ததும் என்ரோல்மெண்ட் எண்ணை வைத்துத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் இனிஷியல் முன்னே பின்னே இருப்பதிலேயே தப்பிவிடும். பெயர் இருந்தாலும் எந்த நீதிமன்ற வாக்குச்சாவடியில் இருக்கிறது என்று பாருங்கள். மதுரையில் தொழில் தொடங்கிச் சென்னைக்கு மாறியவரின் பெயர் இன்னும் மதுரையிலேயே கிடப்பது சகஜம். தேர்தல் நாளன்று போய்க் கெஞ்சி இதைச் சரிசெய்ய முடியாது.

தமிழ்நாட்டில் என்ரோல் செய்துவிட்டு நிரந்தரமாகப் பெங்களூரிலோ டெல்லியிலோ தொழில் செய்பவருக்கு வேறு வழி உண்டு. ஒருவர் பெயர் ஒரு மாநிலப் பதிவேட்டில்தான் இருக்க முடியும். ஆனால் அதை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றக் கேட்டு இந்திய பார் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை என்று சட்டத்தின் 18-ஆம் பிரிவே சொல்கிறது.

சீட்டு செல்லாமல் போகும் விதங்கள்

சட்டம் படித்தவர்கள் போடும் ஓட்டிலும் செல்லாத சீட்டுகள் விழத்தான் செய்கின்றன. பழக்கதோஷத்தில் டிக் அல்லது பெருக்கல் குறி போடுவது முதல் காரணம். இங்கே எண்தான் எழுத வேண்டும். 1 என்ற எண் இல்லாவிட்டால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், சீட்டு செல்லாது. 1-ஐ இரண்டு பேருக்குப் போட்டாலும் அதே கதி. 3-ஐ இரண்டு பேருக்குப் போட்டாலோ 4-ஐ விட்டுவிட்டு 5 எழுதினாலோ சீட்டு அந்த இடம் வரை மட்டும் ஓடி நின்றுவிடும். கையெழுத்து, இனிஷியல், ஏதாவது அடையாளக் குறி இருந்தால் முழுச் சீட்டும் போச்சு.

வேட்பாளர் பட்டியல் முழுப் பக்கத்துக்கு நீளும், நூறு பெயருக்கு மேலும் இருக்கலாம். சாவடிக்குள் நின்று தேடிக்கொண்டிருந்தால் எண் தவறும். முந்தின நாளே பத்துப் பதினைந்து பெயரை வரிசைப்படுத்தி மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. குறைந்தது இத்தனை விருப்பம் எழுத வேண்டும் என்று மாநில விதி கேட்கலாம். சீட்டின் தலைப்பில் உள்ள அறிவுறுத்தலை ஒரு முறை படியுங்கள். பெயர்கள் நெருக்கமாக அச்சாகியிருக்கும் என்பதால் எண் இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்குப் போட்டது என்று தெரியாத 1, இல்லாத 1-தான். எழுதி முடித்ததும், மடிப்பதற்கு முன்னால், 1 ஒரே இடத்தில் இருக்கிறதா, 2-லிருந்து எண் விடுபடாமல் போகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள்.